முசே கத்திய வார்த்தை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டினச்சேரி வலைபின்னும் கூடத்தில் நாற்பது பேர் கூடியிருந்தோம். ஒரு மனிதரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்ய.

அந்த மனிதரை உங்களுக்குத் தெரியும். எங்கள் பட்டினம் ஃபுட்பால் டீமின் புது கோச். மூன்று மாதத்துக்கு முன் இதே பத்தியில் அவரைக் கிண்டல் செய்து நாலு வரி எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிரித்ததாக நீங்களும் கடிதம் போட்டிருந்தீர்கள். அந்தச் சிரிப்பை இன்று திருப்பி வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறேன்... கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. காரைக்கால் தருமபுரத்தில் குடியிருக்கும் ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டி.ஆர். பட்டினத்துக் கடலோர மைதானத்தில் என்ன வேலை? என் வீட்டுக்காரர் பதினோரு வருஷமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பதில் ரொம்ப எளிது. அங்கே தொண்ணூறு நிமிடம் யாரும் என்னிடம் காபி கேட்கமாட்டார்கள்.

ஸ்கூட்டரைச் சவுக்குத் தோப்பு ஓரமாக நிறுத்திவிட்டு, மணலில் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தால் போதும். கடல்காற்று வந்து முகத்தைத் தடவும். கண் பாதி தானாக மூடிக்கொள்ளும். பந்து ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். கோல் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுப்பிவிடுவார்கள். நான் ரசிகை என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. எந்த அளவுக்கு விழித்திருக்கும் ரசிகை என்பதில்தான் கொஞ்சம் பேச்சு உண்டு.

சரி, கோச்சுக்கு வருவோம்.

அவர் பெயர் கலியபெருமாள். அந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் ஆள் தெரியாது. 'முசே' என்றால்தான் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் 'ஐயா' என்பதற்குச் சொல்வது. பிரெஞ்சு ராணுவத்தில் காலம் தள்ளி, பென்ஷன் வாங்கி, மனைவி அங்கேயே கண்ணை மூடிய பிறகு, தனியாளாகப் பட்டினத்துக்குத் திரும்பி வந்தவர். ஒரே மகள் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள். தனியாக அங்கே என்ன செய்கிறீர்கள், இங்கே வந்துவிடுங்கள் என்று வாரம் தவறாமல் போன் செய்வாள். இவருக்கோ வீட்டுக்குள் பேச ஆள் இல்லை. அதற்காக ஊரை விட்டுப் போகவும் மனசு வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் செல்வமணி அவரைப் பிடித்தார். செல்வமணி விசைப்படகு வைத்திருப்பவர். டீமுக்கு ஜெர்சி எடுத்துத் தருவதும் அவர்தான், எங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று கைதட்டுவதும் அவர்தான். பழைய கோச் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டார். முசே ராணுவ டீமில் ஆடியவர் என்று எங்கோ கேள்விப்பட்டு, செல்வமணி நேரே வீட்டுக்குப் போய்ச் சம்மதம் வாங்கிவிட்டார்.

அன்றைக்கு மகள் போன் செய்தபோது, ஒரு சீசன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம் முசே.

ஆக, சீசன் கெட்டால் எங்களுக்குப் போவது ஒரு கோப்பை. அவருக்கு ஊரே போய்விடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான்.

சீசன் எப்படிப் போனது என்கிறீர்களா? லீக்கில் எட்டு ஊர் டீம். நாங்கள் ஏழாவது. எட்டாவது டீம் பாதி மேட்ச்சுக்கு வரவேயில்லை.

ஆனால் ஆரம்பம் என்னவோ அழகாகத்தான் இருந்தது. பழைய கோச் வாயைத் திறந்தால், பக்கத்தில் பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்று ரெஃப்ரி பதறிப்போய்த் திரும்பிப் பார்ப்பார். முசே அப்படியில்லை. இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டையும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவுமாக வருவார். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், ராணுவப் பழக்கம். பயிற்சியில் பையன்களை ஓடவே விடமாட்டார். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நடக்கச் சொல்வார்.

நட. நிமிர்ந்து பார். யார் சும்மா நிற்கிறான் என்று பார். அவனுக்குக் கொடு. இவ்வளவுதான் பாடம். "அவசரம் வேணாம் தம்பி... பந்துக்கு ஏது காலு? அது எங்கயும் ஓடிடாது" என்பார்.

பயிற்சி நாளிலும் நான் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் சாய்ந்த நேரம். பதினோரு பேர் பந்தோடு மைதானம் முழுக்க நடப்பார்கள். விடிகாலையில் கடலுக்குப் போய்விட்டு வந்த பையன்கள், அலுப்பு தெரியாமல் ஏதோ யோசனையில் இருப்பவர்கள் மாதிரி நடப்பார்கள். பந்து ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குச் சத்தமில்லாமல் போகும். பின்னால் அலைச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அப்படியே தூக்கம் சொக்கிக்கொண்டு வரும். வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல ஃபுட்பால் எல்லாம் அந்தச் சாயங்காலங்களில் பார்த்ததுதான்.

மேட்ச் வந்தால்தான் கதை மாறும்.

எங்கள் டிஃபென்ஸுக்குப் பந்து வந்ததோ இல்லையோ, முசே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். கை அதே முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். தொண்டை மட்டும் திறந்துகொள்ளும்.

"துஷ்மன்! துஷ்மன்!"

முதல் மேட்ச்சில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கம் சொன்னவர் ஜலீல். டீமின் கேப்டன், நடு டிஃபென்ஸில் ஆடுபவர். ஆறு வருஷம் துபாயில் வேலை பார்த்தவர், ரூமில் கூட இருந்தவர்களெல்லாம் வடக்கத்திக்காரர்கள் என்பதால் இந்தி தண்ணிபட்ட பாடு. "துஷ்மன்னா எதிரின்னு அர்த்தம்க்கா. பின்னாடி ஆளு வர்றான், பந்த வச்சுக்கிட்டு நிக்காதேங்குறாரு" என்றார்.

அப்புறம் என்ன? முசே கத்துவார். எங்கள் பையன் பதறிப்போய்ப் பந்தைத் தூக்கி அடிப்பான். கடல் பக்கம் பார்த்து அடித்தால் காற்று அதை அப்படியே எங்கள் கோலுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். தோப்புப் பக்கம் அடித்தால் சவுக்கு மரங்களுக்கு நடுவே போய்ப் பந்தைத் தேட வேண்டும். இப்படியே அடித்து அடித்து ஏழாவது இடம்.

பயிற்சியில் அவ்வளவு நிதானமாக இருக்கிற மனிதர் மேட்ச் என்றால் இப்படி நடுங்குகிறாரே என்று ஊருக்கே ஆச்சரியம். நானும் சும்மா இருந்திருக்கலாம். 'எங்கள் கோச்சுக்குப் பயிற்சியில் பந்து தெரிகிறது, மேட்ச்சில் எதிரி மட்டும்தான் தெரிகிறான்' என்று இங்கே எழுதி வைத்தேன். அதை யாரோ படம் பிடித்து ரசிகர்களின் வாட்ஸப் குரூப்பில் போட, அதுவே பழமொழி மாதிரி ஆகிவிட்டது. தோற்கிற ஒவ்வொரு மேட்ச்சுக்குப் பிறகும் என் வரி சுற்றி வரும். எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

இதில் ஒரு விஷயம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பட்டினத்துத் தமிழர், எதற்காக இந்தியில் கத்த வேண்டும்? இந்தக் கேள்வி ஊரில் ஒருவருக்கும் வரவில்லை. எழுதிப் பிழைக்கிற எனக்கும் வரவில்லை. வெளிநாட்டில் இருந்தவருக்கு எல்லா பாஷையும் வரும் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கடலுக்குப் போக வேலையில்லாததால் எல்லோரும் வந்திருந்தார்கள். கூடத்தில் குவித்து வைத்திருந்த வலைகள் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டோம். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் எதிரே இருக்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். யாரும் சொல்லாமலே முசே எழுந்து கரைப் பக்கம் போய்விட்டார். நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு தூணுக்கு நடுவே கரையேற்றிய படகுகள் தெரியும். அவற்றின் நடுவே முசேயின் வெள்ளைச் சட்டை போவதும் வருவதுமாக இருந்தது.

பேச்சு கொஞ்ச நேரம் நாகரிகமாகத்தான் போனது. பையன்கள் இப்போது குடித்துவிட்டு மைதானத்துக்கு வருவதில்லை, அதுவே பெரிய விஷயம் என்றார் ஒருவர். கெட்ட வார்த்தை இல்லாத ஒரே டீம் நாம்தான் என்றார் இன்னொருவர். அதனால்தான் தோற்கிறோம் என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

செல்வமணிதான் விஷயத்துக்கு வந்தார். "நல்ல மனுசன். நானே கூட்டியாந்தவன், இல்லங்கல. ஆனா மேட்ச்சுன்னா பதறிப் போயிடுறாரே. பதறுறவரு கையில டீம எப்படிக் குடுக்குறது?"

எதிரி எதிரி என்று பின்னாலிருந்து கத்தும்போது தனக்கே கால் உதறுகிறது என்றார் ஜலீல், தலையைக் குனிந்துகொண்டு. அவருக்கு முசே மேல் பிரியம் உண்டு. அதனால்தான் தலையைக் குனிந்தார்.

பிறகு என்னைக் கேட்டார்கள். நாற்பது முகமும் என் பக்கம் திரும்பியது. ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பயிற்சிச் சாயங்காலங்களைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை. எழுதியதுதான் என் அபிப்பிராயம் என்றேன். எழுத்துக்காரிக்குத் தன் வரி மேல் இருக்கிற ஆசை பொல்லாதது.

போதும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று செல்வமணி சொல்ல வாயெடுத்த நேரம், லூர்து அக்கா உள்ளே வந்தார்.

லூர்து அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்தைந்து வயது. ஞாயிறு காலை பூசையையும் மாலை மேட்ச்சையும் தவறவிடாதவர். மகன் பிரான்சில் இருக்கிறான். மருமகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனவர் அங்கேயே எட்டு மாதம் தங்கி, சீசன் முழுவதையும் கோட்டைவிட்டு, வியாழக்கிழமைதான் ஊர் வந்து இறங்கியிருந்தார்.

மூச்சு வாங்க ஒரு வலைக்குவியல் மேல் உட்கார்ந்தார். என்ன குற்றம் செய்தார் உங்கள் கோச் என்று கேட்டார். ஜலீல் சொன்னார். அக்கா புருவத்தைச் சுருக்கினார்.

"எப்படிக் கத்துனாரு? அவரு மாதிரியே சொல்லிக் காட்டு."

ஜலீல் எழுந்து நின்றார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டினார். முசேயைப் போலவே கடைசி எழுத்தை மூக்கால் இழுத்து, "தூஸ்மான்... தூஸ்மான்..." என்றார்.

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப் பாவிகளா, அது இந்தி இல்லடா. பிரெஞ்சு. மெதுவான்னு அர்த்தம். பேரப்புள்ள படியில ஓடுனா நானே ஒரு நாளைக்கு நூறு வாட்டி சொல்லுவேன். பதறாத, மெதுவான்னு."

கடல் அவ்வளவு பக்கத்தில் இருப்பது அப்போதுதான் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது... ஒவ்வொருவர் கண்ணும் எங்கோ போய்விட்டது. சீசன் முழுவதையும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்துவிட்டோம் என்று நினைக்கிறேன். நான் பார்த்தேன். இந்த முறை அந்த ஒரு வார்த்தை மட்டும் சரியான அர்த்தத்தோடு.

முதல் மேட்ச். ஜலீலின் காலுக்குப் பந்து வருகிறது. பின்னாலிருந்து முசேயின் குரல்... மெதுவா. ஜலீல் நிமிர்ந்து பார்க்கிறார். யார் சும்மா நிற்கிறான் என்று தேடுகிறார். பந்து ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போகிறது. எதிர் டீம் பையன் ஓடி வருகிறான், வந்து சேரும்போது அங்கே பந்து இல்லை. தருமபுரத்தோடு ஆடிய மேட்ச், மழையில் ஆடிய மேட்ச், கடைசி நிமிடத்தில் கோல் வாங்கிய மேட்ச்... எல்லாவற்றிலும் எங்கள் பையன்கள் பயிற்சியில் நடந்தது போலவே நடந்து நடந்து போகிறார்கள். ஒரு பந்துகூடத் தோப்புக்குள் போகவில்லை. நடக்காத அந்தச் சீசன் அவ்வளவு அழகாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரியவர், தனியாக, ஒவ்வொரு வாரமும் 'பதறாதே' என்று கத்தியிருக்கிறார். நாங்கள் ஒவ்வொரு வாரமும் அதைக் கேட்டுத்தான் பதறியிருக்கிறோம்.

ஏன்டா, ஒரு வார்த்தை அவரிடமே கேட்கக்கூடாதா என்றார் அக்கா. "பெரியவருகிட்டப் போயி, நீங்க என்ன சொல்றீங்கன்னு எப்படிக்கா கேக்குறது? மரியாதையா இருக்குமா?" என்றார் ஜலீல்.

இது ஜலீலின் குற்றம் மட்டுமில்லை, நம் எல்லோருடைய குற்றமும்தான். கேட்டால் மரியாதைக் குறைவு, கேட்டால் மக்கு என்று நினைத்துவிடுவார்கள். அதனால் தலையை ஆட்டிவிட்டு, நமக்குத் தெரிந்த அர்த்தத்தை அவர்கள் வாயில் வைத்துவிடுகிறோம். என் வீட்டுக்காரர் சாதம் போடும்போது 'ம்' என்பார். கல்யாணமான நாளிலிருந்து அது 'போதும்' என்று நினைத்து நான் கையை நிறுத்திக்கொண்டிருந்தேன். சில வருஷம் கழித்துத்தான் ஒருநாள் தெரிந்தது, அது 'இன்னும் கொஞ்சம்'. அந்த மனிதர் எத்தனை நாள் அரை வயிற்றோடு எழுந்தாரோ?

செல்வமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "அப்ப அவரோட முதல் சீசன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார். கையைத் தூக்கச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

யார் போய் முசேயிடம் சொல்வது என்று பேச்சு வந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நியாயம்தானே? எழுதியவள்தான் போக வேண்டும்.

முசே ஒரு படகின் நிழலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முடிவு தெரிந்தவர் போலச் சிரித்தார். அடுத்த மாதம் இருபதாம் தேதி போகிறேன், மகளிடம் சொல்லிவிட்டேன், டிக்கெட்டும் போட்டாகிவிட்டது என்று அவரே ஆரம்பித்துவிட்டார். என்னைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றுகிறாராம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். முசே கேட்டுக்கொண்டே இருந்தார். துஷ்மன் என்ற இடம் வந்ததும் பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்துப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"மேட்ச்சு சூடு ஏறிட்டா எனக்கு பிரெஞ்சுலதாம்மா வாய் வருது. கத்துக்கிட்டது அங்கதானே" என்றார். பிறகு, "பயிற்சியில நல்லா கேக்குறாங்க, மேட்ச்சுல மட்டும் நான் சொல்றதுக்கு நேர் எதிரா செய்யிறாங்க. கிழவன் பேச்ச எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அவங்கள்ட்டப் போயி எப்படிக் கேக்குறது?"

இவரும் கேட்கவில்லை!

"நீங்க எழுதுனதையும் படிச்சேம்மா. நான் யார எதிரின்னு சொன்னேன்னு ரெண்டு நாளு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஞாபகம் வரல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே சந்தேகம் கேட்பவர் மாதிரி சொன்னார். மன்னிச்சுக்கங்க முசே என்றேன். பத்தி எழுதிப் பிழைப்பவளுக்கு அன்று கையில் இருந்தது அந்த இரண்டே வார்த்தைதான்.

இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அந்த வரி தப்பு. நீங்கள் சிரித்ததில் தப்பில்லை, சிரிக்க வைத்ததுதான் தப்பு.

அதற்குள் கூடத்திலிருந்து எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். அந்த வார்த்தைக்குத் தமிழில் என்ன சொல்வது என்று அங்கேயே ஒரு சின்ன மாநாடு. மெதுவா என்றால் சத்தம் பத்தாது என்றார் செல்வமணி. பைய என்றார் ஜலீல், அது காற்றில் 'பையா' என்று கேட்கும் என்று தள்ளுபடி ஆனது. கடைசியில் நம் பக்கத்து வார்த்தையே போதும் என்று முடிவானது. மொள்ள. முசே அதை நாலைந்து முறை கடலைப் பார்த்துக் கத்திப் பார்த்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி ஆட்டத்துக்குப் போயிருந்தேன். ஜலீலின் காலுக்குப் பந்து வந்தது. முசே எழுந்தார். "மொள்ள, ஜலீலு, மொள்ள!" மைதானம் முழுக்கத் தெளிவாகக் கேட்டது. ஜலீலும் கேட்டார். தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, ஓங்கி ஒரு உதை... பந்து நேரே தோப்புக்குள் போனது. காதுக்குப் புரிந்துவிட்டது, காலுக்குப் புரிய நாளாகும் போலிருக்கிறது. முசே நல்ல கோச்சா இல்லையா என்பதும் இனிமேல்தான் தெரியும். அடுத்த சீசனும் ஏழாவதாகவே வரலாம், யார் கண்டது?

ஆட்டம் முடிந்து கிளம்பும்போது மகளிடமிருந்து போன் வந்தது. முசே கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினார். என்ன கேட்கிறாள் என்று லூர்து அக்கா சாடை காட்டினார். டிக்கெட்ட ரத்து பண்ணிட்டேன்ல, பின்ன எப்ப வர்றீங்கன்னு கேக்குறா என்றார் முசே, போனைக் கையால் மூடிக்கொண்டு. பிறகு கையை எடுத்துவிட்டு, மகளுக்குத் தமிழில் பதில் சொன்னார்:

"மொள்ள வர்றேம்மா."